பீரோவில் இருந்த பேய்ச் சீட்டு

2025 பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணி இருக்கும். மருமகன் வாசலில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. அந்த நேரத்தில் ஒரு கார் நேராக எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையை வெளியே நீட்டி, "ஐயா, ஆகாய கங்கைக்கு இங்கேயிருந்துதான் படி இறங்கணுமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காப்பித் தோட்டமும் அதில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும்தான் இருக்கின்றன. அருவி கிடையாது. வழி சொல்லி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அடுத்த கார் வந்தது, அதற்குப் பின்னால் ஒரு வேன். வேனில் இருந்த குழந்தைகள் இறங்கி மாட்டை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

லீவுக்கு வந்திருந்த பேரன் பைக்கை எடுத்துக்கொண்டு சாலை பிரியும் இடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே 'அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை' என்று எழுதிய ஒரு தகர அம்புப் பலகை உண்டு. இரண்டு ஆணியில் ஒன்று விழுந்து பலகை சுழன்று எங்கள் பக்கம் திரும்பியிருந்ததாம். காற்றா, குறும்புக்காரப் பிள்ளைகளா, தெரியாது. பலகையில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. அது காட்டிய இடம்தான் மாறிவிட்டது.

பேரன் சிரித்துக்கொண்டே சொன்னான். "தாத்தா, நேத்து ராத்திரி நான் படிச்சுக்கிட்டிருந்த சமாச்சாரமும் இதேதான். உங்க லேப்டாப்பை உடனே அப்டேட் பண்ணணும்."

அவன் கம்ப்யூட்டர் படிக்கிறவன். நானோ 1951-இல் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, யு.டி.சி.யாகி, 2011-இல் ஓய்வு பெற்றவன். மகள் இந்த மலையில் ஆசிரியை வேலைக்கு வந்து வளப்பூர் நாட்டுக்காரரையே கல்யாணம் செய்துகொண்டதால், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நானும் மேலே வந்து சேர்ந்தேன். எனக்கும் கம்ப்யூட்டர் ஓட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அன்று பேரன் சொன்னதைக் கேட்டபோது, நாற்பத்தைந்து வருஷமாக நான் யாரிடமும் விவரமாகச் சொல்லாத ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் லேப்டாப் கதை. என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த நாளில் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பலர் அப்படி இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்குப் போனார்கள். அவர் அங்கிருந்து எழுதிய கடிதங்கள், பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், முந்நூற்றுச் சொச்சம் என்னிடம் இருக்கின்றன. மலையின் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். புதுச்சேரியில் இருக்கும் என் பழைய சகா ஒருவரும் தன் குடும்பத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். அவர் வீட்டில் அவருடைய மகன் சின்ன சர்வர் ஒன்றை வைத்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கடிதங்கள் அங்கே போகும், அவர் பத்திரங்கள் இங்கே வரும். ஒரு வீட்டில் தீப்பிடித்தாலும் இன்னொரு வீட்டில் பிரதி இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

இதைச் செய்து கொடுக்கும் மென்பொருளின் பெயர் ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், பால் மக்கெரஸ் என்ற இருவர் எழுதி 1996-இல் வெளியிட்டது. உலகம் முழுக்க இலட்சக்கணக்கான சர்வர்கள் இதை வைத்துத்தான் ஒன்றை ஒன்று பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்கின்றன. மலையில் எங்களுக்குக் கிடைக்கிற சிக்னலுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஏனென்றால் இது முழு ஃபைலையும் அனுப்பாது, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும்.

மாறியது எது என்று எப்படித் தெரியும்? எங்கள் ஆபீஸ் வழக்கத்தில் சொல்கிறேன். இரண்டு ஊர் ஆபீஸ்களில் ஒரே கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க நூறு பக்கத்தையும் போனில் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பக்கம் பக்கமாகக் கூட்டுத்தொகையை மட்டும் சொன்னால் போதும். எந்தப் பக்கத்தில் கூட்டுத்தொகை இடிக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் முழுசாகப் படிக்கலாம். ஆர்சிங்கும் ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஒரு கூட்டுத்தொகை போட்டு ஒப்பிடுகிறது. குமாஸ்தா மூளைக்கு உடனே பிடித்துப்போன சாமர்த்தியம் இது.

இனி, அந்தத் திரும்பிய பலகைக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஃபைல் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. சில பெயர்களுக்குப் பின்னால் ஃபைலே இருக்காது. 'நீ தேடுவது இன்ன இடத்தில் இருக்கிறது' என்ற முகவரி மட்டும் இருக்கும். இதற்கு சிம்பாலிக் லிங்க் என்று பெயர், சுருக்கமாக சிம்லிங்க். பிரெஞ்சில் 'லியேன் சேம்போலிக்'. 1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸில் இது சேர்ந்தது. நீங்கள் அந்தப் பெயரைத் திறந்தால் கம்ப்யூட்டர் உங்களைக் கேட்காமலே அந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதைத் திறந்து கொடுத்துவிடும். எழுதச் சொன்னால் அங்கே போய் எழுதும். இடம் மாறியதே உங்களுக்குத் தெரியாது.

பேரன் இதைச் சொன்னதும், "இது எங்க ரெக்கார்டு ரூம்ல இருந்ததுடா!" என்றேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே உத்தியோகம் பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் அது சட்டப்படி உறுதியான பிறகும் அவர் பீரோக்களுக்கு வைத்திருந்த ஒழுங்கு மாறவில்லை. தட்டிலிருந்து ஒரு தொகுதியை எடுத்தால், அது இருந்த சந்தில் ஓர் அட்டைச் சீட்டைச் செருக வேண்டும். தொகுதி எண், எடுத்தவர் பெயர், இப்போது எங்கே இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டை அவர் 'ஃபான்தோம்' என்பார். பிரெஞ்சு நூலகங்களில் இன்றும் அதுதான் பெயர். ஃபான்தோம் என்றால் பேய். புத்தகம் போய்விட்டது, அதன் ஆவி மட்டும் தட்டில் நிற்கிறது என்று அர்த்தம். நாங்கள் அதைத் தமிழில் 'பேய்ச் சீட்டு' ஆக்கிக்கொண்டோம்.

பேய்ச் சீட்டு இல்லாமல் ரெக்கார்டு ரூம் நடக்காது. சிம்லிங்க் இல்லாமல் இன்றைய சர்வர்களும் நடக்காது. இரண்டுமே நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் சீட்டை எழுதியவர் யார் என்று பார்க்காமல் பின்னாலேயே போனால்தான் வினை.

வெளியாள் ஒருவர் தன் கையால் ஒரு பேய்ச் சீட்டைச் செருகினால் என்ன ஆகும்? 2014-இல் 'டபிள்யூகெட்' என்ற இறக்குமதி மென்பொருளில் இதே நடந்தது. எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். கெட்ட எண்ணமுள்ள எஃப்.டி.பி. சர்வர் ஒன்று தன் பட்டியலில் ஒரே பெயரை இரண்டு தடவை சொல்லும். முதல் தடவை 'இது ஒரு லிங்க், உன் கம்ப்யூட்டரின் இன்ன ஃபோல்டரைக் காட்டுகிறது' என்கும். இரண்டாம் தடவை 'இது ஒரு ஃபோல்டர், இதற்குள் இந்த ஃபைலைப் போடு' என்கும். டபிள்யூகெட் முதல் சொல்லைக் கேட்டு லிங்கை உண்டாக்கும். இரண்டாவது சொல்லைக் கேட்டு அதே லிங்க் வழியாகப் போய், நீங்கள் நினைத்தே பார்க்காத ஃபோல்டரில் ஃபைலைப் போட்டுவிடும். அதை 1.16 பதிப்பில் அடைத்தார்கள்.

பத்து வருஷம் கழித்து ஆர்சிங்கின் முறை. 2025 ஜனவரி 14, நமக்குப் பொங்கல் நாள். அன்றுதான் ஆறு ஓட்டைகளைப் பகிரங்கமாக அறிவித்து, அவற்றை அடைத்த 3.4.0 பதிப்பையும் வெளியிட்டார்கள். ஐந்தைக் கண்டுபிடித்தவர்கள் கூகுளின் கிளவுட் பாதுகாப்பு ஆய்வாளர்கள். ஆறாவது அலெக்சி கோர்பன் என்பவர் கண்டது. நம் ஊரில் சர்வர் பார்த்துக்கொள்ளும் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் சர்வர் முன்னால் கழிந்ததோ!

ஆறில் மிக மோசமானது நினைவகத்தில் எழுதும் அளவுக் கணக்கு பிசகுவது. அது வேறு ஜாதி, அதை விடுகிறேன். மூன்று ஓட்டைகள் பேய்ச் சீட்டு சம்பந்தப்பட்டவை. அந்த மூன்றும் எனக்கு அச்சாகப் புரிந்தன.

முதலாவது, டபிள்யூகெட்டின் தம்பி. கெட்ட சர்வர் ஒன்று, பிரதி எடுக்க வந்தவரின் கம்ப்யூட்டரில், அவர் சொன்ன ஃபோல்டரைத் தாண்டி வேறு இடத்தில் ஃபைல் எழுத முடிந்தது. பட்டியலைத் துண்டு துண்டாக வாங்கும் ஆர்சிங்க், ஒரு துண்டுக்குள் ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறதா என்று பார்த்ததே தவிர, இந்தத் துண்டையும் அந்தத் துண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, இன்னும் நுட்பமானது. ஆர்சிங்கில் 'சேஃப் லிங்க்ஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. நம் ஃபோல்டருக்கு வெளியே கை காட்டும் சீட்டுகளை ஏற்காதே என்று அர்த்தம். அது சீட்டைப் படித்துப் பார்க்கும். 'இதே பீரோ, மூன்றாம் தட்டு' என்று இருந்தால் சரி என்று விட்டுவிடும். ஆனால் அந்த மூன்றாம் தட்டில் இன்னொரு பேய்ச் சீட்டு நின்றுகொண்டு, 'கஜானா அறை, இரும்புப் பெட்டி' என்று காட்டினால்? முதல் சீட்டைப் படித்த காவலாளி இரண்டாவதைப் படிக்கவில்லை. எங்கள் ரெக்கார்டு ரூமில் இப்படிச் சீட்டிலிருந்து சீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டை விட்ட நாட்கள் எனக்கு உண்டு.

மூன்றாவதுதான் என்னைத் தாக்கியது. ஆர்சிங்க் சாதாரணமாக, லிங்க் என்று தெரிந்தால் அதைத் தொடராமல் தாண்டிப் போய்விடும். நல்ல பழக்கம். ஆனால் 'இது லிங்கா, ஃபைலா' என்று பார்ப்பது ஒரு கணம், அதைத் திறப்பது அடுத்த கணம். பார்க்கும்போது சாதாரண ஃபைலாக இருந்ததை, திறப்பதற்குள் ஒருவன் எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு லிங்கை வைத்துவிட்டால், ஆர்சிங்க் அதை நம்பித் தொடர்ந்து போய்விடும். போகக்கூடாத இடத்தில் இருப்பதை எடுத்து வந்து கொடுத்துவிடும். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது நீண்ட நேரம். ஒருவன் சலிக்காமல் ஆயிரம் தடவை முயன்றால் ஒரு தடவை வாய்க்கும்.

பேரன் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் பேசாமல் இருந்தேன். "என்ன தாத்தா, புரியலையா?" என்றான். புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது.

1979. எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். பழைய கிரயப் பத்திரங்களுக்குச் சான்றிட்ட நகல் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. டைப்பிஸ்ட் நகல் அடிப்பார். ஒருவர் படிக்க, ஒருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டவர் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட வேண்டும். அப்புறம் பக்கங்களை டேக் போட்டுக் கட்டி, முத்திரை இட்டு, அதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரங்களென்றால் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். படிக்கத் தெரிந்தவன் நான் என்று எனக்கும் ஒரு கர்வம்.

அன்று ஒரு ஐந்து பக்க நகல். வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரு பிழை இல்லை. சுருக்கொப்பத்தைக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்வது என் வழக்கம். விதிக்கு விரோதம்தான். எல்லோரும் அப்படித்தான் செய்தோம் என்று சொன்னால் அது சமாதானமாகாது. ஒப்பிட்டு முடித்ததும் பக்கங்களை அடுக்கி மேசையின் வலது மூலையில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தேன். வலது மூலையில் ஐந்து பக்கம் இருந்தது. ஐந்திலும் சுருக்கொப்பம் போட்டேன், டேக் கட்டினேன், முத்திரை இட்டேன், அனுப்பினேன்.

அந்தக் கால் மணி நேரத்துக்குள் நான்காம் பக்கம் மாறியிருந்தது. அதே டைப்ரைட்டர் எழுத்து, அதே காகிதம். சொத்து விவரத்தில் கிழக்கு எல்லை மட்டும் வேறு. அந்த ஒரு வரியில் ஒரு கிணறு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

கிணறு ஒரு விதவைப் பெண்மணியுடையது. நகல் வாங்கியது எதிர்த் தரப்பு. அரசாங்க முத்திரை உள்ள நகலைக் காட்டிக் கிணற்றை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். வழக்கு நடந்து, கோர்ட்டில் மூலத் தொகுதியை வரவழைத்துப் பார்த்து உண்மை வெளிவர இரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு கோடை அந்த அம்மாள் தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் எடுத்திருக்கிறார். பக்கத்தை மாற்றியது யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. எனக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. அத்தோடு விஷயம் முடிந்தது, காகிதத்தில்.

சாட்சி சொல்லப் போன அன்று கோர்ட்டு வராந்தாவில் அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "பாத்துட்டுத்தானே தம்பி முத்திரை போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன் என்பது பொய்யில்லை. ஐந்து பக்கத்தையும் பார்த்தேன். ஆனால் நான் பார்த்த பக்கங்களும் நான் முத்திரை போட்ட பக்கங்களும் ஒன்றல்ல. நான் முத்திரை போட்டது 'மேசையின் வலது மூலையில் இருப்பது' என்ற ஒரு பெயருக்கு. இதை அந்த அம்மாளுக்கு எப்படி விளக்குவது? தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். தீர்ப்பு வந்த பிறகாவது ஒரு நடை போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவர் வீடு என் ஆபீசிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷ தூரம்தான்.

அன்று மாட்டுப் பொங்கல் திண்ணையில் பேரனிடம் இதைச் சொன்னேன். மகளும் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதிது. பேரன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "தாத்தா, இதுக்குப் பேரே இருக்கு. சரிபார்த்த நேரத்துக்கும் பயன்படுத்தின நேரத்துக்கும் நடுவில இருக்கிற ஓட்டைன்னு சொல்வாங்க. பெரிய பெரிய புரோகிராமர்களே விழுந்திருக்காங்க" என்றான். ஆறுதலாகச் சொன்னான் என்று தெரிந்தது. எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது. "சரி, இதை எப்படி அடைக்கிறீங்க?"

அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவின் சாரம். இன்னும் கவனமாகப் பார்ப்பது, இரண்டு தடவை பார்ப்பது, இதெல்லாம் தீர்வு இல்லையாம். இரண்டாம் தடவை பார்த்ததற்குப் பின்னாலும் ஒரு கணம் இருக்கிறதே. தீர்வு என்னவென்றால் வரிசையை மாற்றுவது. முதலில் திற. திறக்கும்போதே 'லிங்க் என்றால் திறக்காதே' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடு. திறந்ததும் அது உன் கைப்பிடியில் வந்துவிடும். அப்புறம் பெயரைப் பார்க்காதே. கையில் பிடித்திருக்கிறாயே, அதைச் சோதித்துப் பார். அதையே படி. வெளியில் யார் பெயர்ப் பலகையை எப்படித் திருப்பினாலும் உன் கையில் இருப்பது மாறாது.

பேய்ச் சீட்டு வைத்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் ஒப்பிடும்போது இடது கையின் கீழே பக்கம் இருக்கும், வலது கையில் பேனா இருக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் கையை எடுக்காமலே சுருக்கொப்பம் போடுவார். அதற்கப்புறம்தான் அடுத்த பக்கத்தைத் தொடுவார். டீ வந்தாலும் சரி, அதிகாரி கூப்பிட்டாலும் சரி, எடுத்த பக்கத்தை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். கிழவர் ரொம்பத்தான் பண்ணுகிறார் என்று நாங்கள் இளவட்டங்கள் கேலி செய்வோம். 'சந்தேகப் பிராணி' என்று பெயர் வேறு வைத்திருந்தோம். அவர் மனிதர்களைச் சந்தேகப்பட்டாரோ இல்லையோ, பார்ப்பதற்கும் ஒப்பமிடுவதற்கும் நடுவில் இடைவெளி விடவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்ப விதியின் பொருளும் அதுதான். வெறும் சடங்கு என்று நான் நினைத்தது, யாரோ ஒரு காலத்தில் அடிபட்டு அடைத்த ஓட்டை.

என் லேப்டாப்பில் அன்றைக்கே அப்டேட் போட்டான் பேரன். மலையில் சிக்னல் வந்து போய் வந்து, முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. புதுச்சேரிச் சகாவுக்குப் போன் செய்தேன். "என் சர்வரை நீ சந்தேகப்படறியா?" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். "உங்களை இல்லை. உங்க பெட்டிக்குள்ள வேற யாராவது புகுந்தா அவன் உங்க பேர்லதானே எனக்கு ஃபைல் அனுப்புவான்?" என்றேன். அவர் மகனிடம் சொல்லி அவரும் புதுப்பித்துக்கொண்டார். 3.4.0-இல் சில சில்லறைக் கோளாறுகள் இருந்து, ஓரிரு நாளிலேயே 3.4.1 வந்ததாகப் பேரன் சொன்னான். அவசர அவசரமாக ஓட்டை அடைத்தால் அப்படித்தான்.

லினக்ஸ் எல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸில் சுருக்கிய ஃபைல்களைப் பிரிக்க நம்மில் பலர் 7-ஜிப் வைத்திருக்கிறோம். அதிலும் இதே மாதிரி ஒரு சிம்லிங்க் ஓட்டை இருந்தது. யாரோ அனுப்பிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது அதற்குள் இருக்கும் லிங்க் உங்களை வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போய்விடும். 2025 ஜூலையில் வந்த 25.00 பதிப்பில் அடைத்துவிட்டார்கள். ஆனால் 7-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நீங்களாகப் புதிய பதிப்பை இறக்கிப் போட வேண்டும். வீட்டில் பேரப் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்களைப் பேரன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். வெளியிலிருந்து வரும் ஃபைல்களுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கணக்குக்கு என் பென்ஷன் காகிதங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தொடவே அனுமதி இல்லை. சீட்டு எங்கே கை காட்டினாலும் பூட்டிய அறைக்குள் போக முடியாது. இன்னொன்று, வந்ததை நேராக அதனதன் இடத்தில் சேர்ப்பதில்லை. முதலில் ஒரு காலி ஃபோல்டரில் இறக்கி, அதில் லிங்க் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் சேர்ப்பேன். தபால் வந்ததும் முதலில் இன்வர்டு பதிவேட்டில் ஏற்றுகிற மாதிரி.

அன்று சாயங்காலம் மருமகன் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு பிரிவு ரோட்டுக்குக் கிளம்பினார். "மாமா, நீங்களும் வர்றீங்களா?" என்றார். கூடப் போனேன். பலகையை நேராக்கி, பழைய ஒற்றை ஆணிக்குப் பதில் நான்கு மூலையிலும் நான்கு ஆணி அடித்தார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். நான்காவது ஆணி முழுசாக இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. "விடுங்க மாமா, நின்னுடுச்சு" என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டேன்.

அந்த அம்மாள் இன்று இருக்க மாட்டார். 1979-லேயே அறுபதை ஒட்டியிருந்தார். அவர் வராந்தாவில் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்க அவர் இல்லாவிட்டாலும். பார்த்தேன், அம்மா. பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.